ரோரி மாதிரி பிளேடு வாங்கலாமா? மாஸ்டர்ஸ் 2025, அப்புறம் நம் கோல்ஃப் பையில் இருக்கவேண்டிய கிளப்கள் (மட்டைகள்)

நொய்யல்கரை – 14 ஏப்ரல் 2025, காலை 9.12

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வீட்டில் சித்திரைக்கனித் தட்டை அடுக்கி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்கள், நான் மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் ரோரி மெக்கில்ராய் மாஸ்டர்ஸில் அந்தக் கடைசி பட், அதாவது பந்தைக் குழிக்குள் தட்டும் அடியைப் போட்டுவிட்டு முட்டி மடங்கிப் புல்லில் விழுந்து அழுதாரே, நானும் அழுதேன். 2014-க்குப் பிறகு 11 வருடம் ஒரு மேஜர்கூட (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) இல்லாமல் இருந்த மனிதர். நான்கு மேஜர்களையும் வென்ற ஆறாவது ஆள் இப்போது. சாரசன், ஹோகன், பிளேயர், நிக்லாஸ், வுட்ஸ், அப்புறம் இவர்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். வயது 47, கோவையில் ஆடுகிறேன், ஆரம்பித்து மூன்று வருடம், ஹேண்டிகேப் 24, அதாவது ஒரு ஆட்டத்துக்கு நிர்ணயித்த அடிகளைவிடச் சுமார் 24 கூட எடுக்கிற ஆள். என்னிடம் இருப்பது மாமனார் கொடுத்த செட். அவர் வால்பாறை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த காலத்தில் வாங்கியது, முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். 7 அயர்னில் (இரும்புத் தலை கிளப், எண் கூடக் கூடத் தூரம் குறையும்) 130 யார்டு போகும், சரியாகப் பட்டால். இந்த வருடம் புதுசு வாங்கலாம் என்று 80 ஆயிரம் எடுத்து வைத்திருக்கிறேன். ரோரி அடிக்கிற மாதிரி பிளேடு அயர்ன் வாங்க ஆசை. வாங்கலாமா?

நீலகிரிக் கேடி – 14 ஏப்ரல் 2025, காலை 11.40

தம்பி, வாழ்த்துகள். நானும் பார்த்தேன். எனக்குப் பிடித்தது, சமநிலையை உடைக்க ஆடும் பிளே-ஆஃபுக்குப் போகும் வழியில் ரோரியின் கேடி (பை தூக்குபவர்) ஹாரி டயமண்ட் சொன்னது. திங்கட்கிழமை காலையில் இந்த நிலைமையைக் கொடுத்திருந்தால் நாம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்போமே என்ற அர்த்தத்தில் ஒரே ஒரு வாக்கியம். 18-வது குழியில் ஐந்தடி தூர பட்டைத் தவறவிட்டுவிட்டு வருகிற ஆளிடம் அதைவிட நல்ல வார்த்தை சொல்ல முடியாது. நான் 12 வயசிலிருந்து ஊட்டியில் பை தூக்கியவன், அதனால் சொல்கிறேன்.

பிளேடு விஷயம். வேண்டாம் என்பதுதான் என் பதில். பிளேடு என்பது பின்பக்கம் பள்ளம் இல்லாத ஒரே கட்டி இரும்பு. நடுவில் காசளவு இடத்தில் பந்து பட்டால் கையில் ஒன்றுமே தெரியாது, பந்து தானாகப் போகும். அரை அங்குலம் நுனிப் பக்கம் தள்ளிப் பட்டால் முழங்கை வரைக்கும் சுர்ரென்று ஏறும், தூரமும் குறையும். கேவிட்டி பேக் என்ற பின்பக்கம் பள்ளம் உள்ள அயர்னில் எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். காவடிக் கம்பில் இரண்டு முனையிலும் பாரம் இருந்தால் கம்பு லேசில் திரும்பாதில்லையா, அதே கணக்கு. தப்பாகப் பட்டாலும் முகம் திரும்புவது குறைவு.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். சாக்பீஸை 7 அயர்ன் முகத்தில் வெள்ளையாகத் தேய்த்துக்கொண்டு 20 பந்து அடியுங்கள். ஒவ்வொன்றும் எங்கே பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். முகத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

கணக்குப்பிள்ளை – 14 ஏப்ரல் 2025, மதியம் 1.05

நேற்றைய ஆட்டத்தை கிளப் கண்ணோட்டத்தில் பார்த்தால் நிறையப் பாடம் இருக்கிறது. 15-வது குழியில் மரங்களைச் சுற்றி வளைத்து அடித்தாரே, அது 7 அயர்ன். 200 யார்டுக்கு மேல்! நொய்யல்கரை சார் அதே எண் போட்ட கிளப்பில் 130 அடிக்கிறார். தொழில்முறை டூரில் டிரைவர் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) வேகம் சராசரியாக மணிக்கு 115 மைல், ரோரி 120-க்கும் மேலே. வார இறுதியில் ஆடுகிற நம்மில் பலர் 85, 90-ல் நிற்கிறோம். அந்த வேகம் இருப்பவர் பந்தை உயரத்துக்கு ஏற்றுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, நாம் கவலைப்பட்டே ஆகவேண்டும்.

இன்னொன்று. 13-ல் அவ்வளவு பெரிய முன்னிலையோடு பத்திரமாக முன்னால் தட்டி வைத்துவிட்டு, 82 யார்டிலிருந்து வெட்ஜில் (குறுந்தூரத்துக்கான கிளப்) நேராக ரே'ஸ் கிரீக்கின் கிளை ஓடையில் போட்டார். டபுள் போகி, அதாவது இரண்டு அடி கூடுதல். 18-ல் ஏறக்குறைய 125 யார்டிலிருந்து கேப் வெட்ஜில் அடித்துப் பங்கரில் (மணல் குழியில்) போட்டார். பிளே-ஆஃபில் அதே குழி, கிட்டத்தட்ட அதே தூரம், மறுபடி கேப் வெட்ஜ், குழிக்கு நான்கடியில் நிறுத்தினார். நாள் முழுக்க அவரைக் கவிழ்த்ததும் தூக்கியதும் பெரும்பாலும் வெட்ஜ்தான். நாம் எல்லோரும் டிரைவருக்குப் பாதிப் பணத்தைக் கொட்டிவிட்டு, வெட்ஜை செட்டோடு வந்ததை வைத்துச் சமாளிக்கிறோம்.

இரும்புமுகம் – 14 ஏப்ரல் 2025, மாலை 6.30

கேடி அண்ணாவிடம் மரியாதையோடு ஒரு மறுப்பு. நான் 28 வயது, ஹேண்டிகேப் 13, ஆரம்பித்ததிலிருந்தே பிளேடுதான். தப்பாக அடித்தால் கை சொல்லிவிடும். கேவிட்டி பேக் தப்பை மறைக்கிறது, மறைத்தால் எப்படித் திருந்துவது? அப்புறம், பந்துக்கு முன்னால் நின்று கீழே பார்க்கும்போது அந்த மெல்லிய மேல்விளிம்பு கொடுக்கிற நம்பிக்கை வேறு எதிலும் இல்லை. ஆசைப்பட்டுக் கேட்கிறார், ஆசையும் ஒரு காரணம்தானே.

நீலகிரிக் கேடி – 14 ஏப்ரல் 2025, இரவு 8.15

தம்பி, உங்கள் பேச்சில் பாதி எனக்குச் சம்மதம். கை சொல்லும் என்பது உண்மை. ஆனால் வாரம் நான்கு நாள் பயிற்சி ரேஞ்சுக்குப் போகிறவனுக்குத்தான் கை சொல்வது புரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவருக்கு அது வெறும் வலி. பழைய பிளேடு 7 அயர்ன் ஒன்று கிடைத்தால் ரேஞ்சில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், நானே பிள்ளைகளுக்கு அப்படித்தான் கொடுக்கிறேன். ஆட்டத்துக்கு எடுத்துப்போகும் பை வேறு.

வேளச்சேரி அகிலா – 15 ஏப்ரல் 2025, காலை 7.50

நொய்யல்கரை சார், ரோரியை ரசியுங்கள், நானும் ரசிக்கிறேன். ஆனால் பை நிரப்ப நம் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கைப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம், ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் (அடியில்) பதக்கம் போயிற்று. நெல்லி கோர்டா, லிடியா கோ எல்லாம் அவரை முப்பது நாற்பது யார்டு தாண்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஆடுகிறவர் 9 அயர்ன் எடுக்கும் இடத்தில் இவர் ஹைப்ரிட்டோ (அயர்னும் வுட்டும் கலந்தது) ஃபேர்வே வுட்டோ (நீண்ட தூர கிளப்) எடுத்துக் கிரீனில் (குழி இருக்கும் மழித்த புல்தரையில்) வைத்துவிட்டு, பட்டரால் ஈடுகட்டினார். அம்மாதான் அந்த வாரம் பை தூக்கினார். அந்தக் கடைசி நாள் எங்கள் தெருவில் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட டிவி பார்த்தார்கள்.

என் அனுபவம்: என் 5 அயர்ன் 120 யார்டு போனது, 7 அயர்ன் 118. நடுவில் 6 அயர்ன் வேறு. மூன்று கிளப் தூக்கிக்கொண்டு ஒரே தூரம் அடித்துக்கொண்டிருந்தேன்! வேகம் குறைவாக இருந்தால் லாஃப்ட் (முகத்தின் சாய்வுக் கோணம்) குறைந்த அயர்ன் பந்தை ஏற்றாது. 4, 5 அயர்னை எடுத்துவிட்டு 5 ஹைப்ரிட் போட்டேன், அது 138 போகிறது, உயரமாகப் போய் மெதுவாக இறங்குகிறது. ஹைப்ரிட் வயதானவர்களுக்கு என்று நினைக்கிறவர்கள் 2009 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பைப் பார்க்கவேண்டும். கடைசிக் குழியில் ஒய்.இ. யாங் ஹைப்ரிட்டில் அடித்த அடிதான் டைகர் வுட்ஸை வீழ்த்தியது. ஆசியாவிலிருந்து மேஜர் வென்ற முதல் ஆண் அவர்.

ஈப்போ மணி – 15 ஏப்ரல் 2025, காலை 10.25

மலேசியாவிலிருந்து வணக்கம். இங்கே காலை ஏழு மணிக்குக் கோயிலுக்குப் போகும் நேரத்தில் பிளே-ஆஃப். போன் கையில் வைத்துக்கொண்டே வேட்டி கட்டினேன்.

பழைய கிளப் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்று வருடம் முன்னால் ஒரு கடையில் பிரபல பெயர் போட்ட டிரைவரைப் பாதி விலைக்கு வாங்கினேன். இரண்டு மாதத்தில் முகத்தில் விரிசல். பிறகு நண்பர் ஒருவர் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை எடுத்து டிரைவர் முகத்தில் வைத்தார், பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. உள்ளே இருந்தது சாதா ஸ்டீல். அன்றிலிருந்து பையில் ஒரு காந்தம் வைத்திருக்கிறேன். அடிப்பகுதியில் எடைக்காகத் திருகியிருக்கும் திருகாணியில் ஒட்டலாம், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். முகத்தில்தான் வைத்துப் பார்க்கவேண்டும். எழுத்தில் பூசியிருக்கும் வண்ணம் கோட்டுக்கு வெளியே வழிந்திருக்கிறதா, ஷாஃப்ட் (கம்பு) தலையோடு சேரும் இடத்தில் அந்தக் கருப்பு வளையம் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெட்ஜ் பற்றி கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பவுன்ஸ். அதாவது வெட்ஜின் அடிவயிறு எவ்வளவு உப்பியிருக்கிறது என்பது. இங்கே மாட்டுப்புல், தினமும் மழை, மண் எப்போதும் ஈரம். பவுன்ஸ் குறைந்த வெட்ஜ் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். நான் 12 டிகிரி பவுன்ஸ் வைத்திருக்கிறேன். காய்ந்து இறுகிய தரையாக இருந்தால் அதுவே தட்டி எகிறிப் பந்தின் தலையில் அடிக்கும். அங்கே குறைந்த பவுன்ஸ் நல்லது. உங்கள் கோர்ஸில் மண் எப்படி?

நொய்யல்கரை – 20 ஏப்ரல் 2025, மாலை 5.20

கேடி அண்ணா, சொன்னபடி செய்தேன். படங்கள் இணைத்திருக்கிறேன். 20 பந்தில் 5 நடுவில், 11 நுனிப் பக்கம், 4 கழுத்துப் பக்கம். முகத்தின் நடுவில் காசளவுக்கு ஒரு இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருப்பது படத்தில் தெரிகிறது பாருங்கள், கோடுகள்கூட அங்கே மழுங்கியிருக்கின்றன. அதைப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மணி சார், எங்கள் பக்கம் மண் பெரும்பாலும் இறுக்கம்தான், மழை மாதங்களைத் தவிர.

நீலகிரிக் கேடி – 20 ஏப்ரல் 2025, இரவு 9.00

தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு விஷயம்.

ஒன்று, பின்பக்கத்தைப் பாருங்கள். பள்ளமே இல்லை, மழமழவென்று ஒரே இரும்பு. நீங்கள் வாங்க ஆசைப்படுகிற பிளேடைத்தான் மூன்று வருடமாக அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டு, அந்தக் காசளவு தேய்மானம் மூன்று வருடத்தில் வராது. இருபது வருடம் ஒரே இடத்தில் அடித்தால்தான் கோடு மழுங்கும். அது உங்கள் மாமனாருடையது. உங்கள் சாக்பீஸ் குறிகளில் பெரும்பாலானவை அதற்கு அரை அங்குலம் வெளியே இருக்கின்றன. அவரை நான் பார்த்ததில்லை, ஆனால் இந்த முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நல்ல கை. என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பதினொன்று நுனியில் படுகிறது என்றால் கிளப் உங்களுக்குக் குட்டையாக இருக்கலாம். மாமனார் உங்களைவிட உயரம் குறைவா? வெள்ளைப் பலகையில் எழுதுகிற மார்க்கரால் பந்தில் ஒரு நேர்கோடு போட்டு, கோடு முகத்தைப் பார்த்து செங்குத்தாக இருக்கும்படி வைத்து அடியுங்கள். கோடு முகத்தில் அச்சாகும். நேராக நின்றால் லை கோணம் (தரையோடு ஷாஃப்ட் சாயும் கோணம்) உங்களுக்குச் சரி, சாய்ந்து விழுந்தால் கோணத்தை வளைத்துச் சரிசெய்ய வேண்டும். லை நிமிர்ந்திருந்தால் வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் இழுக்கும், படுத்திருந்தால் வலப்பக்கம் போகும்.

நொய்யல்கரை – 21 ஏப்ரல் 2025, காலை 8.05

அண்ணா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அந்த கிளப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமனார் என்னைவிட நாலு அங்குலம் குறைவு. பந்தில் கோடு போட்டு அடித்தேன், நன்றாகவே சாய்ந்திருக்கிறது. என் பந்து எப்போதும் வலப்பக்கம்தான் போகும். இத்தனை நாள் என் கை சரியில்லை என்றே நினைத்திருந்தேன்.

இரும்புமுகம் – 21 ஏப்ரல் 2025, காலை 9.30

சார், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். உயரத்துக்குப் பொருந்தாத கிளப்பில் அடித்துக் கை எதையும் கற்காது. முதலில் அளவு, பிறகுதான் பிளேடா கேவிட்டியா என்பதெல்லாம்.

கணக்குப்பிள்ளை – 21 ஏப்ரல் 2025, காலை 11.10

வாங்கப் போகும்போது கிளப்பில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், லாஃப்ட்டைக் கேளுங்கள். 7 அயர்ன் இத்தனை டிகிரி இருக்கவேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. முப்பது வருடம் முன்னால் 35, 36 டிகிரி இருந்தது. இன்று தூரத்துக்கென்றே செய்கிற செட்டில் 28, 29 டிகிரியில்கூட 7 என்று பொறித்து விற்கிறார்கள். கடையில் அடித்துப் பார்த்து, ஆஹா 20 யார்டு கூடிவிட்டதே என்று வாங்கி வந்தால், வீட்டுக்கு வந்திருப்பது பழைய 5 அயர்ன்தான்.

சிக்கல் கீழ்முனையில் வரும். அப்படிப்பட்ட செட்டில் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரி. உங்கள் சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 12 டிகிரி காலி. ஒரு டிகிரிக்குச் சுமார் மூன்று யார்டு என்று வைத்தால் 35 யார்டுக்கு உங்களிடம் கிளப்பே இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் நாம் கிரீனுக்கு அருகே வந்து நிற்போம். அங்கே 49 அல்லது 50 டிகிரியில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கொழும்பு வாசன் – 21 ஏப்ரல் 2025, மாலை 4.45

வணக்கம். நுவரெலியாவில ஆடப் போகேக்க எல்லாம் நான் மாறிமாறி கிளப் எடுத்துப் போறனான். மலை உயரத்தில பந்து கூடத் தூரம் போகும், கேடி அண்ணைக்கு அது ஊட்டியில தெரிஞ்ச விசயம். ஆனால் 14-க்கு மேல பையில் இருக்கக்கூடாது எண்டது 1938-இல் இருந்து விதி. 2001 பிரிட்டிஷ் ஓப்பனில் இயன் வூஸ்னம் கடைசி நாள் முதல் குழியில் பேர்டி (ஒரு அடி குறைவு) எடுத்து முன்னிலைக்கு வந்திட்டார். இரண்டாவது குழியின் டீயில் (தொடங்கிற இடத்தில்) நிக்கேக்கதான் கேடி பார்க்கிறார், பையில் இரண்டு டிரைவர், மொத்தம் 15. இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. பாவம், கடைசியில் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

14-ஐயும் நிரப்ப வேணும் எண்டும் இல்லை. ஃபில் மிக்கெல்சன் 2013-இல் மியூர்ஃபீல்டில் டிரைவரே இல்லாமல் ஓப்பன் வென்றவர். நொய்யல்கரை அண்ணைக்கு 11 போதும். எந்தத் தூரத்துக்கு எது எண்டு சந்தேகமே வராமல் இருக்க வேணும், அதுதான் முக்கியம்.

நீலகிரிக் கேடி – 21 ஏப்ரல் 2025, இரவு 8.30

வாசன் தம்பி சொன்னது சரி. ஊட்டியில் சமவெளிக்காரர் 7 அயர்ன் கேட்டால் நாங்கள் 8-ஐ நீட்டுவோம். குளிர் கொஞ்சம் தூரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், ஆனாலும் ஒரு கிளப் வித்தியாசம் நிற்கும். நம்பாமல் 7-ஐ வாங்கி அடித்தவர்களின் பந்தைக் கிரீனுக்குப் பின்னால் முட்புதரில் தேடியே என் பால்யம் போயிற்று.

ஷாஃப்ட்டையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீல் ஷாஃப்ட் 120, 130 கிராம்கூட இருக்கும், கிராஃபைட் 60, 70-லேயே கிடைக்கும். உங்கள் வேகத்துக்கு அயர்னில் கிராஃபைட் அல்லது எடை குறைந்த ஸ்டீல், ரெகுலர் வளைவு. 14-வது குழிக்குப் பிறகு தோள் சோர்ந்து பந்து வலப்பக்கம் போக ஆரம்பித்தால் எடை அதிகம் என்று அர்த்தம்.

பட்டரை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அமெரிக்க வீரர் ஸ்காட்டி ஷெஃப்லர் 2024 மார்ச்சில் பெரிய தலை வைத்த மேலட் பட்டருக்கு மாறி அதே வாரம் ஐந்து ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார், உண்மைதான். ஆனால் அவர் அதுவரை பட்டிங்கில் மட்டும்தான் தடுமாறிக்கொண்டிருந்தார், நோய் தெரிந்து மருந்து எடுத்தார். உங்கள் நோய் அயர்னில் இருக்கிறது.

வேளச்சேரி அகிலா – 20 மே 2025, காலை 8.40

ஷெஃப்லர் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பையும் ஐந்து ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் எடுத்துவிட்டார்! அது நடந்த குவெயில் ஹாலோவில் ரோரியின் டிரைவர் சோதனையில் தேறவில்லை என்று செய்தி வந்ததே, ஏதோ ஏமாற்றிவிட்டார் என்ற தொனியில் சிலர் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. யாராவது விளக்குங்கள்.

கணக்குப்பிள்ளை – 20 மே 2025, காலை 10.00

ஏமாற்று எதுவும் இல்லை அகிலா மேடம். பந்து பட்டதும் முகம் எவ்வளவு நேரம் உள்ளே அமுங்கித் திரும்புகிறது என்பதற்கு வரம்பு உண்டு, சலுகையையும் சேர்த்து 257 மைக்ரோ செகண்ட். டிரைவர் முகம் மெல்லிய டைட்டானியம். வேகமாக அடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் அடிக்க அடிக்க அது மேலும் தளர்ந்து வரம்பைத் தாண்டிவிடும். ஷெஃப்லரின் டிரைவரும் அதே வாரம் தேறவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். வேறு டிரைவரோடு ஆடி ஜெயித்தார். பல மாதம் பழகிய டிரைவரை ஆட்டத்துக்கு முன்னால் பறிகொடுத்தால் யாருக்கும் கஷ்டம்தான், ரோரி அந்த வாரம் ஃபேர்வேயை (நடுவில் இருக்கும் புல்வழியை) தேடித் தவித்ததில் ஆச்சரியமே இல்லை.

நொய்யல்கரை – 25 மே 2025, மாலை 6.50

வாங்கிவிட்டேன். ஒருவர் ஒரு வருடம் மட்டும் ஆடிய கேவிட்டி பேக் செட், 6 அயர்னிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை, கிராஃபைட் ரெகுலர். 7 அயர்ன் 31 டிகிரி, 8 அயர்ன் 35.5, பிட்சிங் வெட்ஜ் 45. லையை இரண்டு டிகிரி நிமிர்த்தி வளைத்துக் கொடுத்தார்கள். அகிலா மேடம் சொன்னபடி 5 ஹைப்ரிட். தனியாக 50 டிகிரி வெட்ஜ் ஒன்று, 56 ஒன்று, எங்கள் இறுகிய மண்ணுக்குப் பவுன்ஸ் 8. மணி சார், காந்தம் எடுத்துப் போனேன், டிரைவர் முகத்தில் ஒட்டவில்லை! பட்டர் மாமனாருடையதே. மொத்தம் 80-க்குள் முடிந்தது.

இன்று மாமனாரை ரேஞ்சுக்குக் கூட்டிப்போனேன். வயது 79. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பழைய 7 அயர்னைக் கேட்டு வாங்கி, கால் சற்று நடுங்க நின்று, ஒரே ஒரு பந்து அடித்தார். 90 யார்டுதான் போயிருக்கும். ஆனால் அந்தச் சத்தம்! நான் மூன்று வருடத்தில் அந்த கிளப்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. அண்ணா, உங்கள் வணக்கத்தைச் சொன்னேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாரா என்று இரண்டு தடவை கேட்டார்.

நீலகிரிக் கேடி – 25 மே 2025, இரவு 9.10

அந்த செட்டை விற்காதீர்கள் தம்பி. எங்கேயாவது அளக்கிற கருவி இருந்தால் பழைய 7-இன் லாஃப்ட்டை அளந்து சொல்லுங்கள்.

நொய்யல்கரை – 1 ஜூன் 2025, மாலை 5.35

அளந்தாயிற்று. 36 டிகிரி. என் புது 8 அயர்னுக்கு அரை டிகிரி வித்தியாசம். இன்று காலை இரண்டையும் மாற்றி மாற்றி அடித்தேன். பழைய 7-இல் நன்றாகப் பட்ட பந்துகளும் புது 8-இல் அடித்தவையும் 130 யார்டுப் பலகைக்குப் பக்கத்தில் ஒன்றாகவே கிடந்தன. புது 7 போவது 142.